தயிர்சாதத்தை நிறுத்து, தமிழை நிறுத்து: இரண்டு அறிவுரைகளின் வரலாறு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. புனேயில் பொட்டி தட்டிப் பிழைப்பவன். பழைய கதைகளைத் தோண்டிப் படிப்பது என் வியாதி, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கிடைத்தால் போதும். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

ஊரை விட்டு வெளியே வந்து குடும்பம் நடத்தும் தமிழர் வீட்டில் குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்துங்கள். இரண்டு, வீட்டில் தமிழை நிறுத்துங்கள், குழந்தை குழம்பிப் போகிறது, ஒரே பாஷையில் பேசுங்கள். அந்த ஒரே பாஷை எப்போதும் ஆங்கிலமாகவோ இந்தியாகவோதான் இருக்கும். தமிழாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சின்னவனுக்கு இரண்டரை வயதில் ஆறே வார்த்தைகள். கூப்பிட்டால் பாதி நேரம்தான் திரும்புவான். "ஆட்டிசமாக இருக்கலாம், வெறும் பேச்சுத் தாமதமாகவும் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை ஸ்பீச் தெரபி தொடங்குங்கள்" என்றார் டாக்டர். அந்த ஆறு மாதம் இருக்கிறதே, அதில்தான் உலகத்தில் உள்ள எல்லா அறிவுரையும் வரும். மாமனார் ஃபோனில், "மாப்பிள்ளை, கவலைப்படாதீங்க, எங்க அண்ணன் நாலு வயசுலதான் வாயைத் திறந்தார், அப்புறம் மூடவே இல்லை" என்றார். எதிர் ஃப்ளாட் காகு ஒரு டயட் லிஸ்ட் கொண்டுவந்து கொடுத்தார். ப்ளேஸ்கூல் டீச்சர் தமிழை நிறுத்தச் சொன்னார். ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) சிறுநீர் டெஸ்ட், வைட்டமின், டயட் எல்லாம் சேர்த்து ஆறு மாதப் பேக்கேஜ் என்று ஒரு தொகையை எழுதிக் காட்டினார்கள்.

பையன் மனமொப்பிச் சாப்பிட்டது மூன்று: இட்லி, தயிர்சாதம், பால். அவன் பேசிய ஆறு வார்த்தையும் தமிழ். இரண்டு அறிவுரையையும் ஒரே நாளில் கேட்டிருந்தால் அவனிடம் மிஞ்சியிருக்கக்கூடியது இட்லி மட்டுமே. தங்கமணி லிஸ்ட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, இதை முதல்ல யார் சொன்னது? எதுக்காகச் சொன்னாங்க?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்தப் பதிவு.

ஆஸ்லோவிலிருந்து பர்மிங்ஹாமுக்கு

சாப்பாட்டால் குழந்தையின் மூளை மாறும் என்பது மூடநம்பிக்கை என்று சிலர் ஒரே அடியாக அடித்துவிடுவார்கள். அது சரியில்லை. அப்படி நிஜமாகவே நடந்திருக்கிறது. அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1934-ல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளோடு அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் வந்தார். அதற்கு முன் பல டாக்டர்களைப் பார்த்தாயிற்று. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு விநோத வாடை வருகிறது என்று அந்த அம்மா சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபோலிங் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்துப் பார்த்தார். கலவை பச்சையாக மாறியது. அங்கே இருக்கக் கூடாத ஒரு அமிலம் இருந்தது. பி.கே.யு. என்று இன்று சொல்லப்படும் நோய் இப்படித்தான் பிடிபட்டது. புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடம்பு உடைக்க முடியாமல், அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. இருபது வருடம் அப்படியே போயிற்று. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற இளம் டாக்டர் ஒரு சிறுமிக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார். சிறுமியின் அம்மா விடவில்லை. தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, "என் பெண்ணுக்கு ஏதாவது கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்பாராம். அந்த நச்சரிப்பு தாங்காமல்தான் பிக்கலும் ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் இருவரும் ஃபீனைல்அலனின் நீக்கிய ஓர் உணவைத் தயாரித்தார்கள். குழந்தை தவழத் தொடங்கினாள், நிற்க முயன்றாள், தலையை முட்டிக்கொள்வது நின்றது.

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். இந்த முன்னேற்றம் உணவால் வந்ததா, இல்லை அம்மாவின் ஆசையால் தெரிவதா என்று அவர்களுக்கே சந்தேகம். அம்மாவிடம் சொல்லாமல் அந்த உணவில் ஃபீனைல்அலனினை மறுபடி சேர்த்தார்கள். சில நாட்களில் குழந்தை பின்னுக்குப் போனாள். நிறுத்தியதும் மறுபடி முன்னேறினாள். பெற்றோரிடம் சொல்லாமல் இப்படிச் செய்வது சரியா என்று இன்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைக்குப் பிறகு யாராலும் வாதம் செய்ய முடியவில்லை. 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகத்தில் எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள்.

கோதுமைக்கும் ஒரு நல்ல கதை உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45, ஹாலந்தில் பஞ்சம். ரொட்டி கிடையாது. சீலியாக் என்ற குடல்நோய் உள்ள குழந்தைகள் மட்டும் அந்தப் பஞ்சத்திலும் தேறினார்கள். கோதுமைமீது ஏற்கெனவே சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற டாக்டர் 1950-ல் அதை ஆராய்ச்சியாகவே எழுதி நிரூபித்தார்.

ஆக, டயட் என்றாலே ஏமாற்று என்று சொல்ல முடியாது. வேலை செய்த டயட்டுகளில் ஒரு பொதுக்குணம் மட்டும் இருக்கிறது. இன்ன பொருள், இன்ன நோய், இன்ன டெஸ்ட் என்று மூன்றும் தெளிவாக இருக்கும். யாருக்கு டயட் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ரத்தமே சொல்லிவிடும்.

அம்மாக்களின் மேல் விழுந்த பழி

அடுத்த கதை அமெரிக்காவில். 1943-ல் பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆட்டிசம் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. இது பிறவியிலேயே வருவது என்று அவரே அதில் எழுதியிருந்தும், பெற்றோர்கள் பாசமில்லாதவர்கள் என்ற ஒரு தொனியும் அவர் எழுத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறையே அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பட்டம் வைத்தார்கள், அதாவது ஃப்ரிட்ஜ் போலச் சில்லென்று இருக்கும் அம்மா. 1967-ல் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை வீடுதோறும் கொண்டுபோனது. சிகிச்சை என்ற பெயரில் குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துவைத்தார்கள்.

இதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. 1964-ல் அவர் எழுதிய புத்தகம், இது மூளை, உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், தாயின் பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆதாரங்களோடு வாதாடியது. அவர் ஜெயித்தார். அந்த ஒரு விஷயத்துக்காக உலகத்தின் எல்லா அம்மாக்களும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டாக்டர்கள் இத்தனை வருடம் தவறாகச் சொன்னார்கள், பெற்றோர் சரியாகச் சொன்னார்கள் என்று ஆனபின், இனி பெற்றோர் சொல்வதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு வழி பிறந்தது. ரிம்லாண்ட் அந்த வழியில் வெகுதூரம் போனார். பெருமளவு வைட்டமின் பி6, மெக்னீசியம், பிறகு டயட். 1995-ல் அவர் தொடங்கிய இயக்கம் ஆயிரக்கணக்கான பெற்றோருக்கு 'பயோமெடிக்கல்' சிகிச்சை என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது. என் கையில் இருந்த டயட் லிஸ்ட்டுக்குப் பாட்டன் அந்த இயக்கம்தான்.

எனக்கு இதில் உறுத்திய விஷயம் ஒன்று. 1960-களில் "நீ பாசம் காட்டாததால் பிள்ளை பேசவில்லை" என்றார்கள். இன்று "நீ பால் கொடுப்பதால் பிள்ளை பேசவில்லை" என்கிறார்கள். பழியின் பெயர் மாறியிருக்கிறது, அது போய் நிற்கும் வாசல் மாறவில்லை. டயட்டில் ஒரு பிஸ்கட் தப்பிப் போனால், "நூறு சதவீதம் பின்பற்றாததால்தான் பலன் இல்லை" என்ற வாக்கியம் தயாராக இருக்கும். அதைக் கேட்டுக்கொள்வது எந்த வீட்டிலும் அம்மாதான்.

பாலும் கோதுமையும் எப்படி உள்ளே வந்தன

1960-களில் கர்டிஸ் டோஹன் என்பவர், போர்க்காலத்தில் கோதுமை குறைந்த நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதும் குறைந்ததாக எழுதினார். 1979-ல் யாக் பாங்க்செப் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். அபின் வகைப் பொருள் கொடுத்த குட்டி விலங்குகள் தாயைப் பிரிந்தாலும் அழுவதில்லை, வலியும் குறைவாகவே தெரிகிறது, இது ஆட்டிசத்தைப் போல இருக்கிறதே என்றார். இந்த இரண்டையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் மறுபடி ஆஸ்லோக்காரர், கார்ல் ரைகெல்ட். பாலின் கேசீனும் கோதுமையின் குளூட்டனும் சரியாகச் செரிக்காமல் அபின் போன்ற துணுக்குகளாகி, குடல் வழியே ரத்தத்தில் கசிந்து மூளைக்குப் போகின்றன, அவற்றைச் சிறுநீரில் பார்க்கலாம் என்பது கொள்கை. ஃபோலிங்கின் ஊர், மறுபடி சிறுநீர், மறுபடி டயட். கேட்பவருக்குப் பி.கே.யு. கதையே திரும்ப நடப்பது போலத் தோன்றியதில் வியப்பில்லை.

நடந்ததா? 2002-ல் நார்வேயில் 20 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் டயட் குழு தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் யார் டயட்டில் இருக்கிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரியும். 2006-ல் ஃப்ளோரிடாவில் 15 குழந்தைகளுக்கு, யாருக்கு எந்த உணவு என்று பெற்றோருக்கும் தெரியாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் 12 வாரம் பார்த்தார்கள். வித்தியாசம் தென்படவில்லை. 2016-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு, பர்மிங்ஹாம் பாணியில் நடந்தது. டயட்டில் இருந்த 14 குழந்தைகளுக்குச் சில நாள் பால், கோதுமை கலந்த தின்பண்டம், சில நாள் அவை இல்லாத அதே போன்ற பண்டம். நடத்தையில், தூக்கத்தில், வயிற்றில் எதிலும் மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுகள்தான். ஆனால் பர்மிங்ஹாமில் ஒரே குழந்தையிடம் பளிச்சென்று தெரிந்தது இங்கே தெரியவே இல்லை. ரைகெல்ட் சொன்ன துணுக்குகளும் பிற்கால ஆய்வாளர்கள் நுட்பமான கருவிகளோடு தேடியபோது சிக்கவில்லை. 2013-ல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி, ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்காகப் பால், கோதுமை விலக்கும் டயட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேராகவே எழுதிவிட்டது.

சரி, பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே என்பீர்கள். 2008-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் ஆட்டிசம் உள்ள 75 பையன்களின் எலும்புத் தடிமனை அளந்தார்கள். பொதுவாகவே எலும்பு மெலிந்திருந்தது. பால் விலக்கிய டயட்டில் இருந்தவர்களுக்கு இன்னும் மெலிவு. மீனும் முட்டையும் சேராத ஒரு தமிழ் வீட்டில், மூன்றே பண்டம் சாப்பிடும் குழந்தையிடமிருந்து பாலையும் தயிரையும் எடுத்தால் கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? கோதுமையை விடுவது காகு வீட்டில்தான் கஷ்டம், அங்கே போளி இல்லாமல் சாப்பாடு இல்லை. நம் வீட்டில் அது சுலபம், இட்லியும் தோசையும் ஏற்கெனவே குளூட்டன் இல்லாத பண்டங்கள்தான் (ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்). நம்மிடமிருந்து உண்மையில் பறிக்கப்படுவது தயிர்சாதம்.

ஒரு ஊசியின் கதை

தெரபி உலகத்தில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன கதை ஸெக்ரெட்டின். கணையத்தைச் சோதிக்க டாக்டர்கள் போடும் ஒரு ஹார்மோன் ஊசி. 1998-ல், வயிற்றுச் சோதனைக்காக இதைப் போட்டுக்கொண்ட மூன்று ஆட்டிசக் குழந்தைகளிடம் பேச்சும் பார்வையும் மேம்பட்டதாக அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. டிவியில் காட்டினார்கள். சில வாரங்களில் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, பெற்றோர் எந்த விலைக்கும் வாங்கத் தயார்.

1999 டிசம்பரில் ஒழுங்கான சோதனை முடிவு வந்தது. 60 குழந்தைகள், பாதிப் பேருக்கு ஸெக்ரெட்டின், பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரத்தில் இரண்டு குழுவும் தேறியது! ஸெக்ரெட்டின் போட்டவர்கள் எவ்வளவோ, உப்புத் தண்ணீர் போட்டவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவே.

இதை இரண்டு முறை படியுங்கள். பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. குழந்தைகள் வளர்கின்றன, சில மாதம் தேங்கும், சில மாதம் பாயும். தேங்கும் மாதத்தில்தான் நாம் பதறிப் புதிய சிகிச்சைக்கு ஓடுகிறோம். அடுத்து வரும் பாய்ச்சல் அந்தச் சிகிச்சையின் கணக்கில் வரவாகிவிடுகிறது. இரண்டு வயதில் பேச்சு மட்டும் தாமதமான குழந்தைகளில் பலர் பள்ளி வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. என் மாமனாரின் அண்ணன் அந்த வகை. அவர் நாலு வயதுக்கு ஒரு மாதம் முன் ஏதாவது லேகியம் சாப்பிட்டிருந்தால் அது இன்றைக்குக் குடும்ப மருந்தாகியிருக்கும் :-)

அதே ஆய்வில் இன்னொரு தகவல். ஊசியால் பலன் இல்லை என்று முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர், எங்களுக்கு இன்னும் அந்த ஊசியில் ஆர்வம் இருக்கிறது என்றார்கள். நான் இதைப் படித்துச் சிரிக்கவில்லை. அந்த 69-ல் ஒருவராக இருப்பது எப்படிப்பட்ட நிலை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஆசைக்கு விலை உண்டு. உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று செய்யும் 'கீலேஷன்' சிகிச்சையின்போது 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். 1998-ல் 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசிமேல் சந்தேகத்தைக் கிளப்பிய லான்செட் கட்டுரை 2010-ல் அந்த இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் எத்தனையோ ஊர்களில் தட்டம்மை திரும்பி வந்துவிட்டது. இன்று நம் நாட்டில் ஸ்டெம் செல் ஊசி விற்கிறார்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர வேறெதற்கும் அது ஏற்கப்பட்ட சிகிச்சை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம்

இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்ற கருத்துக்கும் பிறந்த ஊர் உண்டு. வேல்ஸ். 1923-ல் டி.ஜே. சேயர் என்பவர் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசும் பிள்ளைகள் அறிவுச் சோதனையில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வித்தியாசம் கிராமத்துப் பிள்ளைகளிடம்தான். நகரத்தில் வித்தியாசம் இல்லை. வறுமையையும் பள்ளியின் தரத்தையும் அளந்துவிட்டு மொழியின் தலையில் கட்டினார்கள்.

1926-ல் அமெரிக்காவில் ஃப்ளோரன்ஸ் குடெனஃப், குடியேறியவர்கள் வீட்டில் அந்நிய மொழி பேசுவதே பிள்ளைகளின் மந்தபுத்திக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்ற அளவுக்கு எழுதினார். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து ஆலையில் உழைத்தவர்களின் வீட்டு மொழியைத்தான் சொன்னார் என்பதை நினைவில் வையுங்கள். புலம்பெயர்ந்தவனின் மொழி நோயாகப் பார்க்கப்பட்ட காலம் அது. நம் டீச்சருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அறிவுரை மட்டும் கை மாறி, கடல் தாண்டி, புனே ப்ளேஸ்கூல் வரைக்கும் வந்துவிட்டது.

1962-ல் மாண்ட்ரியாலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளை, இந்த முறை குடும்ப வசதியையும் சமமாக்கி, ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாக அறிந்தவர்கள் முன்னே இருந்தார்கள். "அது சாதாரணப் பிள்ளைகளுக்கு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு?" என்று கேட்கலாம். ஐம்பது வருடம் கழித்து, 2012-ல், அதே மாண்ட்ரியாலிலிருந்து பதில் வந்தது. ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இருமொழி வீட்டுக் குழந்தைகளுக்கு ஒருமொழி வீட்டுக் குழந்தைகளைவிடக் கூடுதலான பேச்சுத் தாமதம் இல்லை.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு யோசித்தாலும் இது புரியும். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழை நிறுத்தினால் பேரனிடம் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பேச்சு வராத பிள்ளையைச் சுற்றி வீட்டில் பேச்சு கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? "கம், சிட், ஈட்" என்று நாலு ஆங்கிலச் சொல்லில் ஓர் அப்பா எவ்வளவு நேரம் கொஞ்ச முடியும்? கொஞ்சலும் கதையும் திட்டலும் நமக்கு எந்த மொழியில் ஊற்றாக வருகிறதோ அதில்தான் குழந்தைக்கு நிறையப் பேச்சு கிடைக்கும்.

எதில்தான் பலன் இருக்கிறது?

எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. 1987-ல் கலிஃபோர்னியாவின் ஐவர் லோவாஸ், வாரம் 40 மணி நேரப் பயிற்சி கொடுத்த 19 குழந்தைகளில் 9 பேர் மற்றவர்களைப் போல ஆனதாக எழுதினார். 'ஏ.பி.ஏ.' என்ற பெயர் புகழ்பெற்றது அப்போதுதான். யார் எந்தக் குழு என்று அதில் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, அந்தக் காலப் பயிற்சியில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. பின்னால் குலுக்கிப் போட்டுப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

1985-ல் டெலாவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் படஅட்டை கொடுத்துக் கேட்கும் முறையைத் தொடங்கினார்கள். அட்டை கொடுத்தால் பேச்சே வராது என்று பயப்படுவோம். 2006-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இத்தகைய உதவியால் பேச்சு குறைந்த குழந்தை ஒன்றுகூட இல்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, குழந்தையின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டு டைப் அடிக்கவைக்கும் முறை. குழந்தைக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டி 1990-களில் சோதித்தபோது, எழுத்தில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. பிரிட்டனில் 2010-ல் 152 குழந்தைகளிடம் சோதித்த ஒரு முறையில் தெரபிஸ்ட் குழந்தைக்குப் பயிற்சி தருவதில்லை, பெற்றோருக்குத் தருகிறார். அப்பாவோ அம்மாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, குழந்தை எதைப் பார்க்கிறது, நீங்கள் எதைப் பேசுகிறீர்கள் என்று கூடவே உட்கார்ந்து பார்ப்பது. நேரடிப் பேச்சுச் சோதனையில் பலன் சிறிதுதான். ஆனால் ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் மிச்சமிருந்தது. இதையே கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம், நிபுணர் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்துச் செய்து பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்வது கூடியது, குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. பெரிய மெஷின் இல்லை, இறக்குமதி மாத்திரை இல்லை. குழந்தை பார்க்கும் காக்காயைப் பற்றி, குழந்தை பார்க்கும்போது பேசுவது. அதை நமக்குச் சரளமான மொழியில் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் எடைபோட்ட விதம்

இந்தக் கதைகளிலிருந்து நாங்கள் சில கேள்விகளை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். உங்களுக்கும் உதவலாம்.

முதலில் காது. பெரா டெஸ்ட் எடுக்காமல் வேறெதையும் பேசாதீர்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், பாலை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறையும்.

வயிற்றுக் கோளாறு நிஜமாகவே இருந்தால் அதை வயிற்றுக் கோளாறாகவே வைத்தியம் பாருங்கள். சீலியாக் சந்தேகம் என்றால் கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திவிட்டால் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம்.

அப்படியும் டயட் முயன்று பார்க்க விரும்பினால் டயட்டீஷியன் துணையோடு, முடியும் தேதி குறித்து, அந்தக் காலத்தில் வேறு புதிய தெரபி எதுவும் சேர்க்காமல் செய்யுங்கள். டயட் நடப்பது தெரியாத ஒருவர் குழந்தையைக் கவனித்துக் குறிக்கட்டும்.

தெரபிஸ்ட்டிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் கேளுங்கள். அந்தக் கழகச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது, கேட்பதில் தப்பில்லை. அறைக்குள் பெற்றோரை விடாத இடத்துக்குப் போகாதீர்கள். "எத்தனை மாதத்தில் என்ன மாற்றம் வந்தால் தொடர்வோம், வராவிட்டால் என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட்டுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

காசு ஒரு பிரச்சினை என்றால், 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்கள் உண்டு. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் தென்னிந்தியக் குடும்பங்களுக்குப் பெரிய வரம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் பேச்சு, மொழிக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் வீட்டில் முடிவு இதுதான்: தயிர்சாதம் தொடர்ந்தது, தமிழ் தொடர்ந்தது, ஸ்பீச் தெரபியும் தொடர்ந்தது. தெரபி அறையில் இந்தி, வீட்டில் அதே விளையாட்டு தமிழில். பையனுக்கு இப்போது ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் உறுதியானது. சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறான், சில நாள் அட்டையைக் காட்டுகிறான். எதனால் இவ்வளவு வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்பதுதானே இவ்வளவு நேரம் நான் சொன்ன கதை.

கொசுறு: "இதெல்லாம் எதுக்கு, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவு" என்று ஊரிலிருந்து ஃபோன் வரும். வசம்பில் உள்ள ஒரு பொருள் விலங்குச் சோதனையில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். தேனும் ஒரு வயதுக்குள் கூடாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். "சரிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு, ஃபோனைப் பிள்ளையின் காதில் வையுங்கள். பாட்டி பேசட்டும். அந்தத் தெரபிக்குப் பக்க விளைவு இல்லை.